நீண்ட ஆங்கிலச் சொல்லில் எங்கே அழுத்துவது? ஏற்காட்டுப் பலகைகளை வைத்து ஒரு செய்முறை

பொட்டானிக்கல், ஹார்ட்டிகல்ச்சுரல், ஆர்க்கிடேரியம். ஏற்காட்டுப் பலகைகளில் இவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பதில்தான் சிக்கல்.

1. அசையை எண்ணுங்கள். எண்ண வேண்டியது உயிரெழுத்தை அல்ல, உயிரொலியை. சேலத்து மேக்னசைட்டுக்கு ஆங்கில எழுத்தில் நான்கு உயிர். வாயில் மூன்றுதான்: மேக்-ன-சைட். கடைசி 'ஈ' ஊமை. யாப்பு படித்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்: நிரையசையில் இரண்டு உயிர் வரும், ஆங்கில அசையில் ஒன்றே ஒன்று.

2. வாலைப் பாருங்கள். ஷன், இக், இக்கல், இட்டி, இயம் என்று முடிந்தால் அந்த வாலுக்கு முந்தைய அசையில் அழுத்தம் (கீழே ˈ கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் அழுத்தும் அசை). கார்-ப-ˈரே-ஷன். ஆர்-கி-ˈடே-ரி-யம். அரபிக், பாலிடிக்ஸ் போன்ற சில அடங்காது. அவற்றுக்கு முதல் அசை.

3. மற்றதைச் சுருக்குங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அழுத்த வேண்டியதை உரக்கச் சொல்லிவிட்டு மீதியையும் முழுசாகவே சொன்னால் பயனில்லை. 'நாடு' என்னும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகத் தேய்கிறதே, அந்தக் குற்றியலுகரத் தேய்மானத்தை அழுத்தமில்லாத உயிருக்கெல்லாம் கொடுங்கள். தாவரவியல் ˈபா-ட-னி, அதுவே பூங்கா என்றால் ப-ˈடா-னி-கல். அழுத்தம் நகர்ந்ததும் 'பா' வெறும் 'ப' ஆகிவிட்டது, 'ட' விரிந்து 'டா' ஆனது. (கார்ப்பொரேஷனை நம் ஊரில் கார்ப்பரேஷன் என்பது கொச்சை இல்லை, அந்த 'ப' ஆங்கிலேயர் சொல்வதுதான்.)

4. அகராதியில் சரிபாருங்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியே போதும். பிரிட்டன், அமெரிக்கா இரண்டு உச்சரிப்பும் ஒலியோடு கிடைக்கும். மேலே நிற்கும் சிறு கோடு தனக்குப் *பின்னால்* வரும் அசைக்கு உரியது. முன்னால் உள்ளதை அழுத்தினால் எல்லாம் தலைகீழ். கீழே நிற்கும் கோடு இரண்டாம் அழுத்தம்: ˌஹார்-டி-ˈகல்-ச-ரல் என்பதில் 'ஹார்' தேயக் கூடாது. மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியின் தலைச்சொல்லில் இருக்கும் புள்ளிகளை அசைப் பிரிப்பு என்று நம்பாதீர்கள். அவை வரியின் ஓரத்தில் சொல்லை உடைப்பதற்கு.

பிற்சேர்க்கை: 'லேபரட்டரி' எப்படி என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் ல-ˈபா-ரட்-ரி, அமெரிக்காவில் ˈலேப்-ர-டோ-ரி. இரண்டும் சரி; ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.