நாற்பது வயதில் வந்த ழகரம்

எங்கள் வீட்டில் வாழையும் வாளைதான், மீனும் வாளைதான். கடலூர் முதுநகர்ப் பேச்சில் அது யாருக்கும் உறுத்தவில்லை. உறவுக்காரர் கல்யாணத்தில் மைக்கைக் கொடுத்து வாழ்த்துமடலைப் படிக்கச் சொன்னார்கள். 'வாள்க வளமுடன்' என்றேன். அப்புறம் அந்த வீடியோவைக் கேட்டபோதுதான் வெட்கமாகிவிட்டது.

"நாக்கை மடி, மடி" என்று எல்லாரும் சொன்னார்கள். மடித்தேன், ளகரமே வந்தது. தப்பு மடிப்பில் இல்லை, தொடுவதில். ளகரத்துக்கு நுனிநாக்கு மேல் அண்ணத்தை ஒட்டி நிற்கும், காற்று நாக்கின் ஓரங்களில் வழியும். ழகரத்துக்கு ஒட்டக்கூடாது, நடுவில் சின்ன இடைவெளி வேண்டும். தொல்காப்பியமும் ழகரத்துக்கு அண்ணத்தை 'வருட' என்றுதான் சொல்கிறது.

எனக்குக் கைகொடுத்தது உயிரெழுத்து. உயிரில் எதுவும் எதிலும் முட்டாது; நாக்கும் உதடும் வாயின் வடிவத்தை மாற்றுவதோடு சரி. அதனால் 'ஆ' என்று நீட்டி, குரலை நிறுத்தாமல், நுனியை மெல்லப் பின்னால் சுருட்டினேன். ஒலி தானாகக் குழைந்து 'ஆழ்' ஆனது. நாக்கு தட்டினால் உடனே தெரிந்துவிடும், 'ஆள்' என்று கேட்கும்.

பத்து நாள், சில்வர் பீச்சில் காலை நடையில், அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஆழ், வாழ், பண்ருட்டிப் பலாப்பழம். 'கிழவி' சீக்கிரம் வந்தது. வேகமாகப் பேசும்போது 'கோழிக்குழம்பு' மட்டும் இன்னும் வழுக்குகிறது.