சுரப்பிக் காய்ச்சல்: தொண்டை நோவோடு சாப்பிடவைப்பது எப்படி

சுரப்பிக் காய்ச்சல் (glandular fever, எச்சிலால் தொற்றும் வைரஸ் நோய்) வந்தவர் சாப்பிட மறுப்பது பசி இல்லாததால் மட்டுமல்ல. எச்சில் விழுங்கவே தொண்டை நோகும். அதனால் சாப்பாட்டு நேரத்தைப் பனடோலை (பரசிற்றமோல்) வைத்துக் கணக்கிடுங்கள். மாத்திரை போட்டு முக்கால் மணித்தியாலத்தில் நோ தணியும், கஞ்சி இறங்குவது அப்போதுதான். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 2, ஆறு மணித்தியால இடைவெளியில். ஒரு நாளைக்கு 8ஐத் தாண்டக்கூடாது. மெலிந்தவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியர் சொல்லும் அளவுதான். கொழும்பில் எந்தக் காய்ச்சலென்றாலும், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இபுபுரூஃபன், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்; இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

முதல் கிழமையில் சாப்பாட்டைவிடக் குடிப்பதுதான் முக்கியம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் 150 மில்லிலீற்றர் கொடுத்தால் நாளுக்கு 2 லீற்றர் சேர்ந்துவிடும். செவ்விளநீர், ஆறிய கொத்தமல்லித் தண்ணி, உப்புக் குறைந்த சூப் எல்லாம் நல்லது. தேசிக்காய், தோடம்பழச் சாறு புண்பட்ட தொண்டையை எரிக்கும். தடிமன் பிடிக்குமென்று குளிர்ந்ததைத் தடுக்காதீர்கள்; ஐஸ் துண்டு நோவை மரக்கச்செய்யும். சிறுநீர் இளமஞ்சளாகப் போனால் தண்ணீர் போதுமென்று அர்த்தம்.

கஞ்சிக்குக் கால் கப் பச்சையரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, 4 கப் தண்ணீர். குழைய அவித்து, கடைசியில் அரைக் கப் தேங்காய்ப்பால் விட்டு இறக்குங்கள். வெறும் அரிசிக் கஞ்சியிலேயே நாட்களை ஓட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை. புரதம் இல்லாமல் உடம்பு இன்னும் சோர்ந்துபோகும். கொதிக்கும் கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டால் 6 கிராம் புரதம் கிடைக்கும். சொதியில் ஊறிய இடியப்பம், மசித்த வாழைப்பழம், பப்பாப்பழமும் இறங்கும். கட்டாச் சம்பல், முறுக்கு, வறுத்த பாண் பிறகு பார்க்கலாம்.

நோ போன பின்பும் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடலாம். வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்குகிறது. வற்புறுத்தாமல், மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். ஈரலும் அழன்றிருக்கும், ஆகவே குணமாகும்வரை மதுபானம் கூடாது. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக்கையும் கொடுக்காதீர்கள்: இது வைரஸ் நோய், அந்த மருந்து கேட்காது, உடம்பெங்கும் தடிப்புத்தான் போடும்.

வைரஸ் எச்சிலில் இருப்பதால் கோப்பையும் கரண்டியும் வேறாக இருக்கட்டும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், இடப்பக்க விலாவுக்குக் கீழே திடீரென்று கடுமையாக நொந்தால், காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.