மீன் முள் வரைபடம்: குழுக்கள் கோட்டை விடும் இடங்கள்

1943இல் கவாசாகி எஃகு ஆலைப் பொறியாளர்களுக்கு, ஒரு விளைவுக்குப் பின்னால் எத்தனை காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று விளக்கக் ஜப்பானியத் தர நிபுணர் கவுரு இஷிகாவா வரைந்தது இந்தப் படம். மீனின் தலையில் சிக்கலையும், முட்களில் அதற்கான காரணங்களையும் எழுதுவார்கள். இன்று பல கூட்டங்களில் அது சுவரில் தொங்குவதோடு சரி.

முதல் கோளாறு மீனின் தலையிலேயே இருக்கிறது. கோவை பவுண்டரி (வார்ப்பாலை) ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலையில் ‘தரம் சரியில்லை’ என்று எழுதினால் வாய்க்கு வந்ததெல்லாம் காரணமாகிவிடும். ‘இரவு ஷிப்டில் வார்த்த பம்பு உறைகளில் காற்றுத் துளை’ என்றால்தான் பேச்சு ஓரிடத்தில் நிற்கும். ‘புது மண் கலவை இயந்திரம் இல்லை’ என்று எழுதுவோரும் உண்டு. அது சிக்கல் அல்ல, கொள்முதல் கோரிக்கை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது ‘ஆட்களின் கவனக்குறைவு’ என்ற முள். அதை எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. அச்சுமண்ணின் ஈரத்தை, அச்சு செய்யும் மோல்டர் கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாரா? ஈரம் பார்க்கும் கருவி பழுதாகிக் கிடக்கிறதா? மழையில் நனைந்த மண் நேரே கலவைக்குப் போனதா? இத்தனையும் அவருக்குத் தெரியும். ஆனால் மேலாளர் முதலில் வாய் திறந்துவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பேச்சைத் தொடங்கும் முன் ஆளுக்கொரு சீட்டில் எழுதி வாங்குங்கள். மேலாளரின் சீட்டைக் கடைசியில் பிரியுங்கள்.

ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல் என்ற ஆறு முட்களையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை.

வரைந்து முடித்ததும் கைதூக்கச் சொல்லி ‘மூல காரணம்’ அறிவிப்பது பெரும் பிழை. முள்ளில் இருப்பவை சந்தேகங்களே. மண்ணின் ஈரத்தை ஷிப்டு வாரியாக அளந்து, துளை விழுந்த வார்ப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஈரம் ஏறியும் துளை கூடவில்லையா, அந்த முள்ளை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அபாய ஆய்வுக்கு இதை மட்டும் நம்பக் கூடாது. எது அடிக்கடி நேரும், எது நேர்ந்தால் உயிர் போகும் என்பதைப் படம் சொல்லாது. ஈரம் சற்றுக் கூடினாலும் ஆவி வெளியேற வழியிருந்தால் தப்பிவிடலாம். வழியும் அடைபட்டிருந்தால் உருகிய இரும்பு சீறித் தெறிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வினை என்பதைத் தனித்தனி முட்களில் காட்ட முடியாது. அதற்கு, 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான பிழை மர வரைபடம் இருக்கிறது. ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’ என்ற இணைப்புகளை அது பிரித்துக் காட்டும்.