சவரக்கத்தி சரியாகத் தீட்டியாயிற்றா? எந்தக் கல்லில் எந்தச் சோதனை

சவரக்கத்தியைத் தீட்டி முடித்ததும் ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்ப்பது பலருக்கும் தெரிந்த சோதனை. முடி அறுந்தால் கத்தி தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். முகத்தில் வைத்தால் இழுக்கிறது, எரிகிறது. சோதனை தவறில்லை, செய்த நேரம்தான் தவறு. 1000 கிரிட் கல்லில் (கிரிட் என்பது கல்லின் நுண்மையைக் காட்டும் எண், எண் கூடக்கூடக் கல் நைசாகும்) செய்ய வேண்டிய சோதனையை 12000-க்குப் பிறகு செய்தால் தீட்டிய வாய் கெடும். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தால் ஒன்றும் தெரியாது.

இது மடக்கும் சவரக்கத்திக்கு, அதாவது ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் போலக் கல்லில் தீட்டிப் பயன்படுத்துவதற்கு. நம் சலூன்களில் இப்போது அரை பிளேடு மாட்டுகிற கத்திக்கு இதில் எதுவும் வேண்டாம்.

எல்லாம் 1000-இல்தான்

கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். அப்படித் தேய்ந்து வாயோரம் இரு பக்கமும் உண்டாகும் ஒடுங்கிய பளபளப்பான பட்டைதான் பெவல். இரண்டு பெவலும் கைப்பிடிப் பக்கத்திலிருந்து நுனிவரை ஓர் இடம் விடாமல் சந்திக்க வேண்டும். சந்திக்க வைப்பது 1000 கல்லின் வேலை. 4000, 8000, 12000 எல்லாம் முந்தைய கல்லின் கீறலை மழித்து மெருகேற்றும், அவ்வளவுதான். இங்கே அவசரப்பட்டு அடுத்த கல்லுக்குப் போனால் பின்னால் எத்தனை மணி நேரம் தேய்த்தும் பலனில்லை.

முதலில் மார்க்கர் பேனாவால் இரு பக்கப் பெவலிலும் முழு நீளத்துக்கு மை பூசுங்கள். அழுத்தாமல், கத்தியின் எடையிலேயே இரண்டு மூன்று முறை கல்லில் ஓட்டிவிட்டு, மை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாயை ஒட்டி மெல்லிய கோடாக நின்றால் கல் இன்னும் வாயை எட்டவில்லை. முன்பு யாரோ முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டிய கத்தியை நீங்கள் டேப் இல்லாமல் தீட்டினால் இப்படித்தான் ஆகும். டேப் கோணத்தைக் கூட்டியிருக்கும், இப்போது குறைந்த கோணத்தில் பெவலின் பின்பகுதி மட்டும் தேயும். மாறாக, வாயோரம் சுத்தமாகிப் பின்பகுதியில் மை நின்றால் இப்போது கோணம் கூடியிருக்கிறது. நடுவில் மட்டும், அல்லது நுனியில் மட்டும் மை நின்றால் கத்தி லேசாக வளைந்திருக்கலாம், கல் குழிந்திருக்கலாம். கல்லின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கல்லைச் சமப்படுத்தும் வைரத் தட்டில் தேய்த்தால் தெரிந்துவிடும்: குழிந்த இடத்துப் பென்சில் கோடு கடைசிவரை அழியாது.

அடுத்தது வெளிச்சம். ஒற்றை விளக்கின் கீழ் கத்தி வாயை மேல்நோக்கிப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். சந்தித்த வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே வாய் தட்டையாக இருக்கிறது, அல்லது பல் விழுந்திருக்கிறது, அதாவது சிறு துண்டு உடைந்திருக்கிறது. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கி) இருந்தால் இன்னும் தெளிவு.

நகச் சோதனை இந்தக் கட்டத்துக்கு மட்டும் உரியது. கட்டைவிரல் நகத்தை நனைத்து, அதன்மேல் வாயைக் கத்தியின் எடை மட்டும் படும்படி வைத்து முழு நீளத்துக்கும் இழுங்கள். வழுக்கிப் போனால் மொன்னை. கரகரவென்று தடுக்கினால் பல் விழுந்திருக்கிறது. முழுவதும் ஒரே சீராக, மென்மையாகக் கவ்விக்கொண்டு வந்தால் சரி. 8000 தாண்டிய வாயை நகத்தில் வைக்கவே கூடாது. நகம் அந்த மெல்லிய வாயைக் கெடுத்துவிடும், மறுபடி மெருகுக் கல்லுக்குப் போக வேண்டிவரும்.

முன்கை முடியை மழித்தும் பாருங்கள். 1000 முடிந்த கத்தி, தோலை ஒட்டி வைத்தால் சிரமமில்லாமல் மழிக்க வேண்டும். அடி, நடு, நுனி மூன்றையும் தனித்தனியே சோதிப்பது முக்கியம். நடு மழித்து நுனி மழிக்காவிட்டால் வேலை முடியவில்லை. சிறிய செர்ரி தக்காளி கிடைத்தால் அதன் தோலில் அழுத்தாமல் வாயை வைத்து லேசாக இழுங்கள். உடனே உள்ளே இறங்க வேண்டும். பிறகு கத்தியைக் கழுவித் துடைத்துவிடுங்கள். தக்காளிப் புளிப்பு கார்பன் எஃகில் கறை ஏற்றும்.

மெருகுக் கற்களில்

இங்கே சோதனை குறைவு. 8000-இல் கடைசித் தேய்ப்புகளின்போது தண்ணீரைக் கவனியுங்கள். வாய்க்கு முன்னால் தண்ணீர் தள்ளப்படாமல் பெவல்மேல் ஏறி வர ஆரம்பித்தால் பெவல் கல்லோடு ஒட்டிப் படிகிறது என்று பொருள். ஈரமான கட்டைவிரல் சதையை வாய்க்குக் குறுக்கே லேசாகத் தொட்டு எடுத்தால் ஒட்டிப் பிடிப்பதுபோல் இருக்கும். வாயின் நீளவாக்கில் விரலை ஒருபோதும் ஓட்டாதீர்கள், ஆழமாக அறுத்துவிடும்.

தொங்கும் முடிச் சோதனை

கடைசிக் கல்லும் தோல்வாரும் (கல்லுக்குப் பின் கத்தியை இழுக்கும் தோல் பட்டை) முடிந்த பிறகே இது. தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். திருப்பும்போதும் முதுகின்மேலேயே புரட்ட வேண்டும். 50, 60 முறை இழுத்தால் போதும்.

முடியைச் சோப்புப் போட்டு அலசி உலர்த்துங்கள். எண்ணெய் ஊறிய முடி வழுக்கும். முடியின் செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருப்பதால், வேர்ப்பக்கம் பிடிப்பதற்கும் நுனிப்பக்கம் பிடிப்பதற்கும் முடிவு மாறும். எப்போதும் ஒரே பக்கத்தைப் பிடியுங்கள். பிடித்த விரலிலிருந்து ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, வாயின்மேல் முடியை இறக்குங்கள். தொட்டதும் சத்தமில்லாமல் விழுந்தால் நல்ல பதம். வயலின் நரம்பை வில் உரசுவதுபோல் அதிர்ந்துவிட்டு அறுந்தால் இன்னும் கொஞ்சம் குறை. அறாமல் நழுவினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய முடியும் தடித்த முடியும் ஒன்றல்ல, அதனால் ஒரே ஆளின் முடியைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சோதனை ஏமாற்றுவது பிசிறு இருக்கும்போதுதான். அழுத்தி, அல்லது அளவுக்கு மீறித் தேய்த்தால் வாயில் தாள்போல் ஒரு மெல்லிய பிசிறு நிற்கும். அது முடியை அழகாக அறுக்கும். தாடியில் பட்டதும் ஒடிந்து போகும். பாதிக் கன்னம் நன்றாக மழித்துவிட்டு மறுபாதியில் இழுத்தால் இதுதான் காரணம். சந்தேகமிருந்தால் கொஞ்சம் பஞ்சை முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி வெளியே தடவுங்கள். இரு பக்கமும் இப்படிச் செய்யும்போது இழை சிக்கினால் பிசிறு உண்டு. மெருகுக் கல்லில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டி மறுபடி சோதியுங்கள்.

முகம்

வெந்நீர், நல்ல நுரை, தோலுக்கும் கத்திக்கும் சுமார் 30 பாகை கோணம். கன்னத்தில் எந்தக் கத்தியும் ஓரளவு ஓடும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலுதடும் மோவாயும்தான் உண்மை சொல்லும். கன்னத்தில் ஓடி மோவாயில் இழுத்தால் 8000-க்கும் கடைசி மெருகுக் கல்லுக்கும் திரும்புங்கள், 1000 வேண்டாம். கன்னத்திலேயே இழுத்தால் பெவல் சந்திக்கவில்லை; மறுபடி மார்க்கரிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாக மழித்தும் தோல் எரிந்தால் முதலில் கோணத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் வாயில் நுண்ணிய பற்களோ பிசிறோ இருக்கும். லூப்பில் பார்த்துவிட்டு, மெருகுக் கல்லில் அழுத்தமின்றி 20 தேய்ப்பும் தோல்வாரும் கொடுங்கள். சில மாதம் கழித்து, தோல்வாருக்குப் பிறகும் இழுக்கத் தொடங்கினால் மெருகுக் கல்லில் இந்த அளவு தேய்ப்பே போதும். பல் விழாதவரை 1000 கல்லை எடுக்காதீர்கள்.