பிஎம்ஐ 'நார்மல்' என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள்

மருத்துவ முகாமில் எடையும் உயரமும் பார்த்து ஒரு எண் சொல்வார்கள். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வந்ததை இன்னொரு முறை உயரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் உடல் நிறை குறியீடு. அது 25-க்குள் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 25 என்பது உலகப் பொது அளவு. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 23-லிருந்தே அதிக எடை என்றும், 25-லிருந்து உடல் பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள். போனில் உள்ள பல கணக்கிகள் இதைச் சொல்வதில்லை.

கம்பத்தில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்காரும் ஒருவர் 165 செ.மீ. உயரம், 61 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஎம்ஐ 22.4. கை கால் ஒல்லி, தொப்பை மட்டும் முன்னால் நிற்கிறது. குமுளியில் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர் 170 செ.மீ., 78 கிலோ, அவருக்கு 27. எண்ணை மட்டும் பார்த்தால் மூட்டை தூக்குகிறவருக்குத்தான் ஆபத்து என்று தோன்றும். ஆனால் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது எங்கே சேர்ந்திருக்கிறது என்று பிஎம்ஐக்குத் தெரியாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் போட்ட பெல்ஜியத்துக்காரர் கெட்லே மருத்துவரே அல்ல; மக்கள் கூட்டத்தின் சராசரியை ஆராய்ந்த புள்ளியியலாளர்.

அதற்காக, 'எனக்கு எல்லாம் தசைதான்' என்று எல்லோரும் தப்பித்துக்கொள்ள முடியாது. டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. பேன்ட் சைஸைச் சொல்லக் கூடாது. பலர் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவு பொருந்தாது, வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. கர்ப்பிணிகளுக்கும் இது சரிவராது. வயதானவர்களுக்குத் தசை கரைந்து கொழுப்பு கூடினாலும் எண் அப்படியே நிற்கும். கூடலூரிலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிஎம்ஐ சரியாக இருந்தாலும் ரத்தசோகை இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகவே பார்க்கிறார்கள். பிஎம்ஐ எதுவானாலும் போய்ப் பார்த்துவிடுங்கள்.