மருந்து ட்ரோனைத் தூக்கும் முன் வயலைச் சுற்றி ஒரு நடை

மருந்து அடிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் ஆறு, ஏழு அடியில்தானே போகிறது, விழுந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயரத்தில் ஒரு தப்பு நடந்தால் சுதாரித்துக்கொள்ள இரண்டு விநாடியாவது கிடைக்கும். தாழப் பறக்கும்போது அதுவும் இல்லை. அதோடு கம்பி, மரம், கொட்டகை, ஆள் எல்லாம் இருப்பது இந்த உயரத்தில்தான்.

முதல் எதிரி கம்பி. பெரிய ஹைடென்ஷன் லைன் இல்லை, அது எல்லோர் கண்ணிலும் படும். என் ட்ரோன் மாட்டியது போஸ்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்குத் தொய்ந்து போன சர்வீஸ் ஒயரில். சாயங்கால வெயில் எதிரே, ஒயர் கறுப்பு, பின்னால் கருவேலங்காடு. முன்பக்க சென்சார் மரத்தைப் பார்க்கும், அந்த மெல்லிய ஒயரை அது பார்க்கவே இல்லை. ஒரு இறக்கை பட்டதுதான் தெரியும், டேங்கில் பாதி மருந்தோடு சம்பாப் பயிருக்குள் குப்புற விழுந்தது, அறுந்த ஒயரும் கூடவே.

அமெரிக்காவில் பயிருக்குப் பத்தடி மேலே விமானம் ஓட்டி மருந்து அடிப்பவர்கள் கம்பியைத் தேட மாட்டார்கள், கம்பத்தைத் தேடுவார்கள். போஸ்டைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கத் தரையில் கட்டிய ஸ்டே கம்பி இருந்தால் லைன் அங்கே முடிகிறது அல்லது திரும்புகிறது என்று அர்த்தம், எந்தப் பக்கம் என்று ஒயரைத் தாங்கும் பீங்கானைப் பார்த்தால் தெரிந்துவிடும். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் போஸ்டைத்தான் முக்கியமாகத் தேட வேண்டும். அவர்கள் முதலில் உயரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்கள், நமக்குக் கால் இருக்கிறது, வரப்பில் நடந்து பார்க்கலாம். வயல்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், போன மாதம் இழுத்த ஒயர் அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் ரிட்டர்ன் ஹோம் உயரம். பேட்டரி இறங்கினாலோ சிக்னல் விட்டாலோ ட்ரோன் நாம் வைத்த அந்த உயரத்தில் கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் தானாகத் திரும்பும், நடுவில் இருப்பதைப் பார்த்து விலகும் என்று நம்ப முடியாது. அந்த உயரம் 15 மீட்டர் என்று இருந்து, வழியில் 20 மீட்டர் தென்னை நின்றால் கதை முடிந்தது. வயலுக்கு வயல் இதை மாற்ற வேண்டும், நேற்று வைத்த அளவு இன்றைக்குப் போதாது. மயில், கொக்கு வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், அவ்வளவுதான்.

காற்று விஷயத்தில் ஒரு கணக்கு. கை ஸ்ப்ரேயரில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை ட்ரோனில் 10 லிட்டர் தண்ணீரில் கலக்கிறோம். அதாவது பறந்து போகும் ஒவ்வொரு துளியும் பதினைந்து, இருபது மடங்கு காட்டம். அதனால் காற்று போகும் பக்கத்து வரப்பில் ஆரம்பித்து, காற்று வரும் பக்கமாகச் சால் சாலாக நகர்ந்து வாருங்கள், நீங்களும் காற்று வரும் பக்கமே நில்லுங்கள். தென்னங்கீற்று நன்றாக ஆடினால் அன்றைக்கு வேலை வேண்டாம். இலை அசையாத விடியற்காலையையும் நம்பாதீர்கள். ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்திப் பாருங்கள், புகை மேலே ஏறாமல் பாய் விரித்த மாதிரி தரையோடு போனால் மருந்தும் அப்படியே மிதந்து பக்கத்து வீட்டுக் கிணறு வரை போகும். கேரளாவில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து அடித்தது 2000-இல் நின்றது, அங்கே அவதிப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கிணறு, தொட்டி, மாட்டுத் தீவனம் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். அடித்தவருக்கு வாயில் எச்சில் ஊறி, வேர்த்து, கண் மங்கினால் மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி.

ஒருவேளை கம்பியில் மாட்டிவிட்டால்? அன்றைக்கு வயல்கார அண்ணன், "தம்பி, நான் போய் எடுத்துட்டு வரவா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஒரு கால் சேற்றில். நான் கத்தின கத்தில் வரப்பிலேறிவிட்டார். வயல் முழுக்கத் தண்ணீர், அதில் அறுந்த ஒயர், அதில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆளையும் மாட்டையும் தூர விலக்கி, லைன்மேனைக் கூப்பிட்டு, அவர் சப்ளையை நிறுத்திவிட்டேன் என்று வாயால் சொல்லும் வரை இறங்கக் கூடாது. முக்கால் மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ட்ரோனின் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.