தொழில்நோய்க் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் தொழில்நோய்களைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் பலர் முதலில் தேடுவது இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) புள்ளிவிவரத்தை. அங்கேயே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கு முதலாளியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் தெரிவிக்க வேண்டியவை என்று 29 நோய்கள் இருந்தன. ஈய நச்சு இருந்தது, கல்தூசியால் நுரையீரல் கெடும் சிலிகோசிஸ் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிப் புண்ணான விரல்கள் இருக்கவில்லை. இவற்றை மட்டும் பார்த்து 'இங்கே தொழில்நோய் குறைவு' என்று எழுதுவது, வலையே போடாமல் மீன் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேடு. இது நல்ல ஆதாரம்தான், ஆனால் 'தொழில்' என்ற கட்டத்தில் 'கூலி', 'இல்லத்தரசி' என்று இருப்பதை அப்படியே எண்ணக் கூடாது. பாசி எடுக்கும் பெண்ணிடம் "என்ன வேலை?" என்றால் "வீட்லதான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கணவர் கடலுக்குப் போவதுதான் தொழில், தான் போவது தொழிலே இல்லை என்று அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. "பாசிக்குப் போறீகளா அக்கா? எத்தனை வருசமா?" என்று கேளுங்கள். முகமூடிக் கண்ணாடி, துணி சுற்றிய விரல், கண் எரிச்சல், சொறி (ஜெல்லிமீன்) பட்ட தழும்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சில் வரும். அப்போதும் எந்தத் தீவுப் பக்கம் என்று துருவாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வழக்கு வருமோ என்ற பயத்தில் காயத்தையே மறைத்துவிடுவார்கள். நோயைக் கணக்கெடுக்க அந்த இடம் தேவையுமில்லை.

கீழக்கரையில் சங்கு குளிப்பவர்களைக் கரையில் நிற்கவைத்துக் கேட்டால், காது நன்றாகக் கேட்பவர்கள்தான் அதிகம் கிடைப்பார்கள். மூழ்கி மூழ்கிக் காது போனவர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டு டீக்கடையில் நிற்பார். ஆகவே 'முன்னால என்ன வேலை பார்த்தீக?' என்ற கேள்வி கட்டாயம் வேண்டும்.

மாதக் கணக்கை ஒப்பிடும்போதும் கவனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது முதுகுவலிக்காரர்கள் கூட்டமாக வந்தால், வலி அந்த மாதத்தில் வந்தது என்று அர்த்தமில்லை. மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்த வலிக்கு வைத்தியம் பார்க்க அப்போதுதான் நேரம் கிடைத்திருக்கும். மருத்துவமனைக்கு வந்த தேதியோடு, வலி தொடங்கிய மாதத்தையும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.